காரைக்குடிப் பக்கத்துப் பையன், அவன் கையில் ஒரு வேலை: இளையோர் நாவல் எழுத ஒரு வழி

பதினேழு வயதுப் பையன். தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது என்பது அவனுக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. படம் வரையணும், இல்லை நாடகம் எழுதணும், இல்லை சினிமா எடுக்கணும் என்ற ஆசை வேறு அவனைத் தூங்க விடுவதில்லை. ஊர் செட்டிநாடு. இப்படி ஒரு கதை மனதில் இருந்து, அதைப் பள்ளிப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் படிக்கிற நாவலாக எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்தக் கதையின் கைப்பிரதிகளை நிறையப் படித்திருக்கிறேன், எழுதியவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் பேசியும் இருக்கிறேன். எல்லாமே நல்ல மனதோடு எழுதப்பட்டவை. ஆனால் பெரும்பாலானவற்றில் பையனுக்கு என்னென்னவோ நடக்கிறது, அவன் செய்வது என்று ஒன்றும் இல்லை. கிண்டல் செய்கிறார்கள், மாட்டிக்கொள்கிறான், அடி வாங்குகிறான், அழுகிறான், கடைசியில் யாரோ புரிந்துகொள்கிறார்கள். முதல் அத்தியாயத்தில் ஓவியன் என்று அறிமுகமானவன் முந்நூறு பக்கத்தில் ஒரு படத்தைக்கூட முடிப்பதில்லை. படிக்கிற பிள்ளைக்கு அவன் மேல் இரக்கம் வரும், அவனைப் போல இருக்கணும் என்ற ஆசை வராது. இளையோர் நாவலில் அந்த ஆசைதான் முக்கியம் என்று நான் நம்புகிறேன். அதனால் முதல் வேலையாக, அவன் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். கதை முழுக்க அவன் அதைச் செய்துகொண்டே இருக்கட்டும்.

எந்தக் கலை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"கலையார்வம் உள்ளவன்" என்று பொதுவாக விட்டால் அவனுக்கு உருவமே வராது. எந்தப் பொருளைத் தொடுகிறான், யாரிடம் கற்றான், எங்கே வைத்துச் செய்கிறான், செலவுக்குக் காசு எங்கிருந்து வருகிறது, இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். செட்டிநாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடி ஊரில் கையால் செய்கிற தரைக் கல். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் கரைசலை ஊற்றுவார்கள். அச்சை எடுத்த பிறகு மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் கலவையை நிரப்பி மட்டம் தட்டுவார்கள். சூளை கிடையாது. காய்ந்ததும் நாள் கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறும், அப்புறம் வெயில். கண்ணாடியிலிருந்து கழற்றும்போதுதான் முகம் தெரியும், கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. ஒரு நாவலாசிரியருக்கு இதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்: செய்கிறவன் தன் படத்தை முகம் கவிழ்ந்த நிலையிலேயே செய்கிறான், அது எப்படி வந்திருக்கிறது என்று அன்றைக்கே அவனுக்குத் தெரியாது, காத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் யாரும் கேட்காத ஒரு டிசைனை ஒரு பையன் தானாக வரைந்து, அதற்கு அச்சு செய்யக் காசு சேர்த்து, பட்டறையில் வேலை ஓய்ந்த நேரத்தில் ஊற்றிப் பார்க்கிறான் என்று வையுங்கள். கதைக்கு முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

இது வேண்டாம் என்றால் வேறு இருக்கிறது. கோவில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தை மேடைக்கு அடியில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்து, அதே மேடைக்கு வேறொரு கதை எழுத நினைக்கும் பையன். கானாடுகாத்தானில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கும்போதெல்லாம் லைட் தூக்கக் கூடப் போய், கேமராவைப் பார்த்தே கற்றுக்கொள்ளும் பையன், ஏவி.எம். மெய்யப்ப செட்டியார் 1940களில் கொட்டகை போட்டுப் படம் எடுத்தது இதே காரைக்குடியில்தான், அதை அவன் தாத்தா சொல்லக் கேட்டிருப்பான். கண்டாங்கிச் சேலையின் கட்டத்தைத் தறியில் மாற்றிப் பார்க்க நினைக்கும் நெசவாளர் வீட்டுப் பையன். கடைப் பலகைக்கு எழுத்து எழுதுகிற பையன் என்றால், கோட்டையூர் ரோஜா முத்தையாவை அவனுக்கு முன்னோடியாகக் காட்டலாம். விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் பழைய அச்சுத்தாள்களும்தான் இன்றைக்குச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன.

ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு அந்த இடத்துக்குப் போய் உட்காருங்கள். போய், "இதில் எது தவறிப் போகும், தவறினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் சுற்றுலாப் பயணிக்குச் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்வார்கள். தவறுவதைக் கேட்டால்தான் அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் வண்ணம் ஒன்றோடொன்று கலந்துவிடுவதும், சிமெண்டு விரல் இடுக்கில் அரிப்பதும், எந்த மேஸ்திரி எதற்குக் கத்துவார் என்பதும் வெளியே வரும். உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது.

இந்த வேலையே அவன் பார்வையையும் தீர்மானிக்கட்டும். கல் ஊற்றுகிறவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் தரையைப் பார்ப்பான். நாடகம் எழுதுகிறவன் யார் யாருக்கு எதிரே நிற்கிறார்கள் என்று பார்ப்பான். தனக்குப் பிடித்த பையனையும் அவன் அப்படித்தான் பார்ப்பான். "அழகான கண்கள்" என்று எழுத வேண்டிய தேவையே வராது.

அப்பச்சியை வில்லனாக்காதீர்கள்

கலை வேண்டாம், இன்ஜினியரிங் படி என்று கத்தும் அப்பாவைத் தமிழில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. செட்டிநாட்டில் விஷயம் அதைவிடச் சிக்கலானது, எழுத்தாளருக்கு அதைவிட வளமானதும்கூட. கலையைக் கொண்டாடும் மண் இது. கண்ணதாசன் 1927இல் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், அவருக்குக் காரைக்குடியில் மணிமண்டபம் இருக்கிறது. சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் இன்னும் பங்குனியில் விழா எடுக்கிறது, கடைசி நாள் விழா நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நடக்கும். தமிழ்த்தாய்க்கே கோவில் கட்டிய ஊர் காரைக்குடி.

அப்படியானால் உங்கள் பையனின் அப்பச்சி (செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டில் அப்பா) கம்பன் விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து, குகப் படலத்துக்குக் கண் கலங்குகிற மனிதராக இருக்கலாம். அதே மனிதர் மகன் கொண்டுவந்த கவின்கலைக் கல்லூரி விண்ணப்பத்தைப் படிக்காமலே மடித்து வைக்கிறார். கலை என்பது மாலையில் கேட்கிற ஒன்று, காலையில் கடையைத் திறக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டுவிற்று (தொழில் செய்து), போர்க்காலத்தில் அதை இழந்துவிட்டுத் திரும்பிய குடும்பங்களின் பேரன் அவர் என்றால் அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு பயமும் இருக்கும். அந்தப் பயத்தைப் படிக்கிறவருக்குக் காட்டிவிட்டால் அவர் ஒரு வார்த்தை கத்தாமலே கதை இறுகும்.

பையனுடைய ஆசைக்கும் முகவரி வேண்டும். சென்னையில் 1850இல் தொடங்கிய அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்தில் இன்னொன்று இருக்கிறது, திரைப்படம் என்றால் தரமணித் திரைப்படக் கல்லூரி. காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் போய் நிற்பது எழும்பூரில், கவின்கலைக் கல்லூரி அங்கிருந்து பக்கம். இதை அவன் மேப்பில் எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று யோசியுங்கள்.

காலத்துக்குப் பிளஸ் டூ வருடத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஜூனில் பள்ளி, காலாண்டு, அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதத்தில் முடிவு. இதற்கு இணையாக ஊரின் நாள்காட்டி ஓடும்: மார்கழியில் பிள்ளையார் நோன்பு, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடி நடை, பொதுத்தேர்வு நடக்கிற நாட்களிலேயே மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோவில் பால்குடமும் காவடியும். இரண்டு நாள்காட்டியையும் ஒரே தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். எங்கெங்கே மோதுகின்றனவோ அங்கெல்லாம் ஓர் அத்தியாயம் இருக்கிறது.

வீடு எது, யார் வீடு

செட்டிநாடு என்றால் எல்லோரும் ஆயிரம் ஜன்னல் வீட்டில் இருப்பதாகக் காட்டுகிறார்கள். அந்த வீடுகளைக் கட்டியவர்கள், பெருக்குகிறவர்கள், காவல் காக்கிறவர்கள், சமைக்கிறவர்கள், கல் ஊற்றுகிறவர்கள், தறி போடுகிறவர்கள் எல்லோரும் செட்டிநாடுதான். உங்கள் பையன் யார் வீட்டுப் பையன் என்பதை இரண்டாம் அத்தியாயத்துக்குத் தள்ளிப்போடாமல் முதலிலேயே முடிவு செய்யுங்கள். நகரத்தார் வீடு என்றால் அப்பா அப்பச்சி, அம்மா ஆத்தா, அக்கா ஆச்சி, அப்பாவைப் பெற்றவர்கள் ஐயாவும் அப்பத்தாவும், அம்மாவைப் பெற்றவள் ஆயா, தாய்மாமன் அம்மான், அவர் மனைவி அம்மான்மிண்டி. ஒரு இடத்தில் "மம்மி" என்றும் அடுத்த பக்கத்தில் "ஆத்தா" என்றும் எழுதினால் காரைக்குடிக்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். வேறு சமூகத்துப் பையன் என்றால் அந்த வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

பெரிய வீடாகவே இருந்தால் அதை அலங்காரமாக வைக்காமல் கதைக்குப் பயன்படுத்துங்கள். முகப்பு, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அதற்குப் பின்னால் அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. கதவுகள் ஒரே கோட்டில் இருப்பதால் முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஐயாவுக்குப் பின்வாசல் வரை தெரியும். இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு பையன் தனியாக இருக்க ஓரிடம் இல்லை! வளவைச் சுற்றி இருக்கும் அறைகள் கல்யாணமான மகன்களுக்கு உரியவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்காளி பூட்டுப் போட்டிருப்பார். வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்து கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் திறக்கிற வீடும் உண்டு, சாவி காவல்காரர் வீட்டில் இருக்கும். காவல்காரர் மகனுக்கும் வீட்டுக்காரர் மகனுக்கும் ஒரே வயது என்று வைத்தால், எந்த அறையை யார் திறக்கலாம் என்பதே கதையாகிவிடும்.

இப்போது 'புள்ளி' என்ற கணக்குக்கு வருகிறேன், நகரத்தார் வீட்டுக் கதை என்றால் இதை விட்டுவிட்டு எழுதவே முடியாது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று ஒன்பது நகரக் கோவில்கள். ஒருவருக்குக் கல்யாணம் ஆனதும் அவரும் மனைவியும் கோவில் கணக்கில் ஒரு புள்ளி. புள்ளிக்குத்தான் வரி, ஊரில் எத்தனை புள்ளி என்றுதான் எண்ணுவார்கள். கல்யாணம் ஆகாதவர் தனிப் புள்ளி இல்லை. பெண்ணைக் கல்யாணம் செய்யப்போவதில்லை என்று உள்ளுக்குள் தெரிந்துவைத்திருக்கும் பையனுக்கு இது என்னவாக இருக்கும்? தன் ஊரும் தன் கோவிலும் தன்னை எண்ணவே போவதில்லை. அவனை யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, ஆனாலும் அவன் கணக்கில் இல்லை.

இதை வசனமாக்கிச் சாடவேண்டாம். நாவலிலேயே மிக அன்பான ஆளின் வாயில் வையுங்கள். அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஒனக்கும் ஒரு திருப்பூட்டைப் பாத்து, ஒன்னய ஒரு புள்ளியாக்கிட்டுத்தேன் நான் கண்ண மூடுவேன்" என்று சொல்லட்டும் (திருப்பூட்டு என்றால் தாலி கட்டுவது). பையன் சிரித்துக்கொண்டு தலையாட்டட்டும். அவ்வளவு போதும்.

அதே போல பிள்ளையார் நோன்பு. கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள், 21 நூலிழைகளைச் சேர்த்துத் திரித்த திரியை இழை மாவில் வைத்து, நெய் விட்டு ஏற்றி, வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவர் கையிலும் எடுத்துக் கொடுப்பார், வாங்கியவர் அதைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார். வெளிநாட்டில் இருக்கும் நகரத்தார்கூட அங்கங்கே கூடி இழை எடுத்துக்கொள்கிறார்கள். அப்பச்சியும் மகனும் ஒரு மாதமாகப் பேசிக்கொள்ளாத வீட்டில் அந்த இரவை எழுதுங்கள். கையை நீட்டாமல் இருக்க முடியாது, கொடுக்காமல் இருக்கவும் முடியாது.

காதலை எழுதும்போது

இரண்டாவது பையனுக்கும் சொந்தமாக ஓர் ஆசை வேண்டும், நாயகனைக் காதலிப்பதற்காக மட்டும் அவன் பிறந்திருக்கக் கூடாது. சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விடுமுறைக்கு வந்து, எல்லாம் தெரிந்தவனாக நாயகனுக்குப் பாடம் எடுக்கும் பையன் கைப்பிரதிகளில் அடிக்கடி வருகிறான். அவனை விட்டுவிடுங்கள். உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பாதிதான் தெரியும் என்பது இன்னும் உண்மையாக இருக்கும்.

இரண்டு வீடுகளுக்கும் இடையே சாதியோ காசோ வேறாக இருந்தால் அதை மறைக்காதீர்கள். நம் பக்கத்தில் இரண்டு பையன்கள் சேர்ந்து திரிவதை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், ஆனால் காவல்காரர் மகன் வளவில் உட்கார்ந்து சாப்பிட்டால் கேட்பார்கள். முதல் சண்டை அதில்தான் வரும்.

உடல் விஷயத்தில் கறாராக இருங்கள். உங்கள் பாத்திரங்கள் 18 வயதுக்குக் கீழ், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குழந்தைகள், படிப்பவர்களும் அந்த வயதுதான். படுக்கையறைக் காட்சி எந்த வடிவத்திலும் வேண்டாம். வயது வந்த ஆண் ஒருவர் இந்தப் பையனோடு பழகுவதைக் காதலாக எழுதவே கூடாது. அப்படி ஒருவர் கதையில் வந்தால் அது ஆபத்து என்று படிக்கிற பிள்ளைக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். இதனால் காதல் குறைந்துவிடாது. அந்த வயதுக் காதல் பெரும்பாலும் ஒரு பொருளைச் சுற்றித்தான் நடக்கும்: இரவல் வாங்கிய சைக்கிள், பாதி பாதியாகக் காதில் மாட்டிய இயர்போன், பட்டறையில் சேர்ந்து தூக்கிய கல். உங்கள் பையன் நாச்சியப்பன், மற்றவன் செல்வம் என்று வைத்துக்கொள்வோம்.

"இது நீ போட்டதா?"

"ம்."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. சும்மா."

செல்வம் கல்லை வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தான். "சும்மா போட்டதுக்கு அச்சுக்காசு யாரு குடுத்தா?"

"எங்க ஆயா குடுத்த நோம்புக் காசு."

"இன்னொன்னு போடுவியா?"

"எதுக்கு?"

"ஒண்ண வச்சுக்கிட்டுத் தரைய எப்படிப் போடுறது?"

பேச்சு முழுக்கக் கல்லைப் பற்றியதுதான். இன்னொன்று போடச் சொல்லி ஒருவன் கேட்கிறான், மற்றவன் இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். இந்த இடத்தில் நீங்கள் ஒரு வரி விளக்கம் எழுதினாலும் அது கெட்டுவிடும்.

சொல்லும் இடம்

வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்து உண்மையைச் சொல்லும் ஒரே பெரிய காட்சியை நோக்கிக் கதையை ஓட்டாதீர்கள். உண்மையில் ஒருவன் இதைப் பல தடவை, பல பேரிடம், பல அளவில் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாணமாகிச் சென்னையில் இருக்கும் ஆச்சியிடம் போனில் முழுதாகச் சொல்வான். நண்பனிடம் பாதி சொல்லி மீதியை மாற்றிவிடுவான். அப்பச்சியிடம் நாவல் முடியும் வரை சொல்லாமலே இருக்கலாம், அதுவும் சரிதான், பாதுகாப்பு இல்லாத வீட்டில் சொல்லாமல் இருப்பது கோழைத்தனம் இல்லை என்பதை இந்த வயதுப் பிள்ளைகள் ஒரு கதையிலாவது படிக்க வேண்டும். ஆத்தாவிடம் இப்படி:

"எனக்குக் கல்யாணங்காச்சின்னு பேச்செடுக்காத ஆத்தா."

"இப்ப யாரு பேசுனா? மொதல்ல பரிச்சைய முடி."

"இப்ப மட்டும் இல்ல. எப்பவுமே."

ஆத்தா பணியாரச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒன்றைத் திருப்பிவிட்டாள், இன்னொன்றைத் திருப்பிவிட்டாள்.

"ஆச்சிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சரி. அப்பச்சிகிட்ட நீயா எதுவும் சொல்லாத. தட்ட எடுத்துட்டு வா, சூடா திங்கணும்."

ஆத்தா ஏற்றுக்கொண்டாளா இல்லையா என்று இங்கே முடிவு செய்யத் தேவையில்லை. அவளுக்கு ஏற்கெனவே ஏதோ தெரிந்திருக்கிறது, மகனைக் காப்பாற்ற நினைக்கிறாள், அதே நேரம் அவன் வாயையும் அடைக்கிறாள், மூன்றும் ஒரே நேரத்தில். நல்ல ஆத்தா பாத்திரம் இந்த மூன்றையும் கடைசி வரை சுமக்கும்.

வருடத்தைச் சரியாகப் போடுங்கள்

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்துப் பையனின் பயம் மாறும். 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது, 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மறுபடி உயிர்ப்பித்தது, 2018 செப்டம்பர் 6ஆம் தேதி வயது வந்தவர்கள் விருப்பத்தோடு உறவுகொள்வது குற்றமல்ல என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று வியாழக்கிழமை, பள்ளி நாள். மறுநாள் காலை டீக்கடையில் பேப்பரை யார் சத்தமாகப் படித்தார்கள், யார் என்ன சொன்னார்கள், உங்கள் பையன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான் என்று ஓர் அத்தியாயம் எழுதலாம். 2014க்கும் 2018க்கும் இடையில் நடக்கிற கதையில், போலீஸ் என்று சொல்லி மிரட்டிக் காசு பறிப்பவன் வந்தால் அந்த மிரட்டலுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. அதற்குப் பிறகான கதையில் "வீட்டில் சொல்லிவிடுவேன்" என்ற ஒன்றுதான் அவன் கையில் இருக்கும், அதுவே போதும் பையனைக் கலங்கடிக்க.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு தீர்ப்பு இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7ஆம் தேதி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு. இதைப் புரிந்துகொள்ள அவரே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். மாற்றிவிடுகிறேன் என்று சொல்லும் "சிகிச்சை"களைத் தடை செய்யச் சொன்னதும் அந்த உத்தரவுதான், 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பையனை டாக்டரிடமோ கோடாங்கியிடமோ கூட்டிப்போகும் காட்சி உங்கள் கதையில் இருந்தால், அது தப்பு என்று தெரிந்த ஒரு பெரியவராவது கதைக்குள் இருக்கட்டும், ஒரு நர்ஸ், ஒரு டீச்சர், யாராவது.

ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பமாவதற்குத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்று சொன்னது. புள்ளிக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் படித்துப் பாருங்கள். ஆனால் பாத்திரங்களின் வாயில் தீர்ப்பு வாசகங்களைத் திணிக்காதீர்கள். பதினேழு வயதுப் பையன் அப்படிப் பேசமாட்டான்.

முடிவு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவனைச் சாகடிக்காதீர்கள். அவன் காதலிக்கும் பையனையும் சாகடிக்காதீர்கள். படிக்கிற பிள்ளைகளில் ஒருவன் இதே நிலையில், இதே மாதிரி வீட்டில், ராத்திரி போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் இந்தக் கதையைப் படித்துக்கொண்டிருப்பான், அவனுக்கு இன்னொரு சாவு தேவையில்லை. திருவிழாக் கூட்டத்தில் ஊரே கட்டிப்பிடித்து ஏற்றுக்கொள்கிற முடிவையும் அவன் நம்பமாட்டான். அவன் தொடங்கிய வேலையை முடிக்கட்டும். முடித்த கல்லோ நாடகமோ குறும்படமோ ஊரில் ஓரிடத்தில் இருக்கட்டும், அதைப் பார்த்து ஒரு ஆள் நிற்கட்டும். காலேஜ் சீட்டு கிடைத்ததா, செல்வம் கூட வந்தானா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அச்சுக்கு முன்

இளையோர் நாவலுக்கு நாற்பதாயிரம் சொற்கள் போதும் என்பது என் எண்ணம். முதல் பிரதி முடிந்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர், சிறு ஊரில் வளர்ந்த தன்பாலீர்ப்பு கொண்ட இளைஞர், அவர் நேரத்துக்குக் காசு கொடுங்கள், "எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தத் தோன்றியது?" என்று மட்டும் கேளுங்கள். இன்னொருவர், நீங்கள் எழுதிய தொழிலில் இருப்பவர். அவர் முழு நாவலையும் படிக்க வேண்டாம், பட்டறை வருகிற பக்கங்களை வாசித்துக் காட்டினால் போதும். ஆள் தெரியாதவர்கள் ஓரினம் இணையதளத்தில் தமிழில் இருக்கும் சொந்த அனுபவக் கட்டுரைகளிலிருந்து தொடங்கலாம்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குழந்தைகளுக்கான 1098, மனநல உதவிக்கான 14416 என்ற இரண்டு எண்களையும் போடச் சொல்லிப் பதிப்பாளரிடம் கேளுங்கள், இரண்டும் இலவச அழைப்புதான். பதிப்பாளருக்கு அனுப்பும் கடிதத்தில் "துணிச்சலான கருப்பொருள்" என்றெல்லாம் தொடங்க வேண்டாம். ஆத்தங்குடிப் பட்டறையில் யாரும் கேட்காத ஒரு கல்லை ஊற்றுகிற பையனின் கதை, அவனுக்கு இன்னொரு பையனைப் பிடிக்கும் என்று எழுதி, கூடவே முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்து அனுப்புங்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால் டிசம்பரில் அவர்களுக்குப் படிக்க நேரம் இருக்காது. ஜூன், ஜூலையில் அனுப்பினால் நிதானமாகப் படிப்பார்கள்.